வேலிக்குள் நிற்கும் கருவி: காரைக்கால் ஆலைக் கண்காணிப்பில் சேரி எங்கே?

2023 மார்ச் 2 இரவு நாகூர் பட்டினச்சேரிக் கடற்கரையில் கச்சா எண்ணெய் கசிந்தது. பனங்குடியில் உள்ள சிபிசிஎல் சுத்திகரிப்பு நிலையத்தின் குழாய் அது. கடல் நீரில் எண்ணெய் படர்ந்ததைக் கண்டு ஊரைக் கூட்டியவர்கள் மீனவர்கள். அவர்களிடம் இருந்த கருவிகள் கண்ணும் மூக்கும் மட்டுமே. அதன்பின் அதிகாரிகள் வந்தனர், அடைக்கும் பணி நடந்தது, குழாயையே அகற்ற வேண்டும் என்று மீனவர்கள் போராடினர். பெரும் நிறுவனங்களின் குழாய்களில் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளக்கும் கருவிகள் இருக்கும். கட்டுப்பாட்டு அறையில் திரைகள் இருக்கும். ஆயினும் கரையில் வாழ்பவர்க்குச் செய்தி கரையிலிருந்தே கிடைத்தது.

பட்டினச்சேரி மீனவர் ஊர். சேரி என்னும் சொல் அங்கே குடியிருப்பு என்ற பழைய பொருளில் நிற்கிறது. அந்த ஊருக்குச் சற்று வடக்கே வாஞ்சூர். அங்கிருந்து தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் காரைக்கால் தொடங்குகிறது. மூன்று புறமும் தமிழ்நாட்டு மாவட்டங்கள், கிழக்கே வங்கக் கடல். சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பும் 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு இலட்சம் மக்களும் கொண்ட இச்சிறு நிலத்துண்டில் ஆலைத்தொழிலின் அடர்த்தி அதன் அளவுக்கு மீறியது. ஓஎன்ஜிசியின் காவிரிப் படுகை அலுவலகம் நிரவியில் உள்ளது. திருமலைராயன்பட்டினம் பகுதியில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் உள்ளது. மேலவாஞ்சூரில் காஸ்டிக் சோடாவும் குளோரினும் உற்பத்தி செய்யும் ஆலை இயங்குகிறது. 2009இல் செயல்படத் தொடங்கிய தனியார் துறைமுகம் 2023இல் திவால் நடைமுறை வழியாக 1,485 கோடி ரூபாய்க்கு அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. அங்கே இறங்கும் நிலக்கரியின் தூசு குறித்து நாகூர் மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வருகின்றனர்.

இத்தகைய ஆலைகளில் இப்போது பரவலாகி வரும் தொழில்நுட்பம் கம்பியில்லா சென்சார் வலையமைப்பு. பாதுகாப்பின் அடுத்த கட்டம் என்று தொழில்துறை இதைக் கொண்டாடுகிறது. நாமும் இதை எதிர்க்க வேண்டியதில்லை. எதை அளக்கிறார்கள், எங்கே நின்று அளக்கிறார்கள், அளந்ததை யாரிடம் சொல்கிறார்கள் என்ற கேள்விகளை மட்டும் விடாமல் கேட்க வேண்டும். அதற்கு இவ்வலையமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை நாம் அறிந்திருப்பது தேவை. 'அது தொழில்நுட்ப விஷயம், உங்களுக்குப் புரியாது' என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி வந்த அனுபவம் இல்லாத களப்பணியாளர் நம்மிடையே இருக்க மாட்டார்.

மௌனத்துக்கு இரண்டு பொருள்

ஒரு பழைய ஆலையில் புதிதாக நூறு அளவுகருவிகளைப் பொருத்த வேண்டுமானால், கருவிகளின் விலையைவிட ஒவ்வொன்றுக்கும் கட்டுப்பாட்டு அறை வரை கம்பி இழுக்கும் செலவே மிகுதியாகிவிடும். கம்பியில்லாக் கருவிகள் இதற்கு மாற்றாக வந்தன. ஒவ்வொரு கருவியிலும் ஒரு சென்சார், ஒரு சிறு வானொலி, ஒரு பேட்டரி. வயர்லெஸ்ஹார்ட் என்ற முறை 2007இல் வெளியாகி 2010இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. இம்முறையில் ஒவ்வொரு கருவியும் தன் செய்தியை அனுப்புவதோடு பக்கத்துக் கருவியின் செய்தியையும் வாங்கிக் கடத்தும். நேரம் 10 மில்லி விநாடித் துண்டுகளாகப் பகுக்கப்பட்டு, யார் எப்போது பேச வேண்டும் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்படும். ஓர் அலைவரிசையில் இரைச்சல் இருந்தால் இன்னொன்றுக்குத் தாவும். ஒரு கருவி செத்தால் செய்தி வேறு வழியைத் தேடிக்கொள்ளும். இவை அனைத்தையும் ஒரு மேலாண்மை மென்பொருள் கவனிக்கும்: எந்தக் கருவியின் பேட்டரி இறங்குகிறது, எந்த இணைப்பு வலுவிழந்தது, எந்தக் கருவி குறித்த நேரத்தில் பேசவில்லை என்பனவெல்லாம் திரையில் தெரியும்.

அதாவது, கண்காணிக்கும் கருவிகளையே கண்காணிப்பது இத்துறையின் பாதி வேலை. அந்தப் பாதி சரியாக நடக்காவிட்டால் மற்றப் பாதிக்குப் பொருளில்லை. ஒரு வாயு சென்சார் பேசாமல் இருந்தால் அதற்கு இரண்டு பொருள் உண்டு: வாயு இல்லை, அல்லது சென்சார் இல்லை. திரையின் முன் அமர்ந்திருப்பவர் இவற்றுள் எதை ஏற்றுக்கொள்கிறார் என்பதில் உயிர்கள் தொங்குகின்றன.

இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் 2005 டிசம்பர் 11 விடியற்காலையில் நடந்தது இதற்குப் பாடநூல் சான்று. தொட்டியில் பெட்ரோல் ஏறிக்கொண்டே இருந்தது. மட்டம் காட்டும் கருவி ஓரிடத்தில் சிக்கி நின்றது. திரையில் ஒரு நேர்க்கோடு மட்டும் ஓடியது. அவசரத்தில் நிறுத்த வேண்டிய இரண்டாவது விசையும் வேலை செய்யவில்லை. தொட்டி வழிந்து, ஆவி மேகமாகப் பரவி, வெடித்தது. அந்த மட்டக் கருவி அதற்கு முந்தைய மூன்றரை மாதங்களுக்குள் 14 முறை சிக்கி நின்றிருந்தது விசாரணையில் வெளிப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியலானதால் உயிரிழப்பு இல்லை. கருவி பழுதானது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஆனால் அது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

இதற்கு நேரெதிரான நோயும் உண்டு. 1994 ஜூலையில் வேல்ஸ் நாட்டின் மில்ஃபர்டு ஹேவன் சுத்திகரிப்பு நிலையத்தில் வெடிப்புக்கு முந்தைய சுமார் 11 நிமிடங்களில் 275 எச்சரிக்கைகள் ஒலித்தன. அத்தனையையும் படித்து முடிவெடுக்க எந்த மனிதராலும் முடியாது. சென்சார்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே பாதுகாப்பு என்று நிறுவனங்கள் விளம்பரம் செய்யும்போது இந்த எண்ணை நினைவில் கொள்ளலாம்.

காரைக்கால் போன்ற கடலோரத்தில் சிக்கல் இன்னும் கூடுகிறது. உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கும். இரும்புக் கலன்களும் குழாய்களும் வானொலி அலையைத் தடுத்தும் சிதறடித்தும் விளையாடும். பேட்டரியைச் சேமிக்க வேண்டி, விநாடிக்கொரு முறை பேச வேண்டிய கருவியை நிமிடத்துக்கொரு முறை பேசும்படி அமைப்பார்கள். மின்வேதி முறையில் வேலை செய்யும் வாயு சென்சார்கள் ஓரிரு ஆண்டுகளிலேயே தளரத் தொடங்கும். அளவு தெரிந்த வாயுவை அவற்றின்மேல் செலுத்தி அவை உணர்கின்றனவா என்று அடிக்கடி சோதிக்க வேண்டும். சோதிக்காத சென்சார் பச்சை விளக்குடன் சுவரில் தொங்கும் ஓர் அணிகலன்தான்.

சராசரி என்னும் திரை

அளவு சரியாக வந்தாலும், அது எந்த வடிவில் சொல்லப்படுகிறது என்பது அடுத்த கேள்வி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் பிறப்பித்த உத்தரவின்படி, கடுமையாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் தம் புகைபோக்கியிலும் கழிவுநீர் வாயிலிலும் இடைவிடாமல் அளக்கும் கருவிகளைப் பொருத்தி, அளவுகளை இணையவழியாக வாரியத்தின் கணினிக்கு அனுப்ப வேண்டும். காஸ்டிக் சோடா, அனல் மின்நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. அளவுகள் பெரும்பாலும் 15 நிமிடச் சராசரியாகக் கணக்கிடப்படுகின்றன.

சராசரி என்ன செய்யும் என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். வேலைசெய்யும் இடத்தின் காற்றில் குளோரின் எட்டு மணி நேரச் சராசரியாகப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வரை இருக்கலாம் என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை அனுமதித்தது. பத்துப் பங்கு என்பது உயிருக்கு உடனடி ஆபத்தான அளவாகப் பன்னாட்டளவில் கொள்ளப்படுகிறது. ஒரு நிமிடம் மட்டும் பதினைந்து பங்கு குளோரின் வெளியேறி, அடுத்த பதினான்கு நிமிடம் ஒன்றும் வராமல் இருந்தால், 15 நிமிடச் சராசரி சரியாக ஒரு பங்கு. அட்டவணையில் அது ஓர் அமைதியான எண். அந்த ஒரு நிமிடத்தில் காற்றின் போக்கில் நின்றவருக்கு அது அமைதியான நிமிடமாக இருந்திருக்காது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இணையவழியில் வரும் இந்த அளவுகளை வைத்து ஓர் ஆலையின்மீது வழக்கை நிறுவுவது கடினம். நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவும் காற்றுச் சட்டத்தின் 26ஆம் பிரிவும் சொல்லும் முறையில், அறிவிப்புக் கொடுத்து, மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பிய முடிவுகளே சட்டச் சான்றாகும். ஆகவே இரவு பகலாகப் பேசும் கருவியின் சொல் நீதிமன்ற வாசலில் எடுபடாமல் நிற்கிறது. முன்னறிவிப்புடன் வரும் அதிகாரியின் ஒரு குப்பி நீர் உள்ளே போகிறது. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் காற்றுச் சட்டத்தின் பல குற்றங்களுக்கான சிறைத்தண்டனையை நீக்கி அபராதமாக மாற்றிவிட்டது. கண்காணிப்பு கூடக் கூடத் தண்டனை மெலிந்துகொண்டே போவது தற்செயலா என்பதை வாசகரின் முடிவுக்கே விடுகிறேன்.

காற்று எந்தப் பக்கம் போகும்

குளோரின் காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது. எண்ணெய், எரிவாயுக் கிணறுகளிலும் சாக்கடையிலும் தோன்றும் ஹைட்ரஜன் சல்பைடும் காற்றைவிடக் கனமே. கனமான வாயு பள்ளத்தை நாடி ஓடும். வாய்க்கால் வழியே நகரும். குடிசையின் தரையில் படுத்திருப்பவரின் மூக்கை முதலில் தொடும். டெல்டாவின் நிலவமைப்பு தெரிந்தவருக்கு இதன் பொருள் விளங்கும். மேட்டில் ஊர், வடிகாலை ஒட்டித் தாழ்வான நிலத்தில் சேரி. யாருக்கு எந்த நிலம் என்று நூற்றாண்டுகளாகச் சாதி முடிவு செய்தது. கூலி உயர்வு கேட்டவர்களை 1968இல் கீழவெண்மணியில் உயிரோடு எரிக்கும் அளவுக்கு அந்த முடிவு கடுமையாகக் காக்கப்பட்டது. ஆலை வந்தபோது அந்த நிலவரைபடம் மாறவில்லை. வாயுவும் அதன்படியே நடக்கிறது.

சென்சார்களோ ஆலையின் மதிலோடு நின்றுவிடுகின்றன. ஆலையின் சொத்தையும் உற்பத்தியையும் காப்பதற்காக அவற்றின் இடம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. தாழ்நிலத்துக் குடியிருப்பில் ஒரு கம்பம் நட்டு ஒரு வாயுக் கருவியைப் பொருத்துவதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. கம்பியில்லா வலையமைப்பின் சிறப்பே கம்பி போகாத இடத்துக்கும் போவதுதான். மதிலைத் தாண்டி அது போகாததற்குக் காரணம் வானொலி அலையின் குறைபாடு அன்று.

2020 மே 7 விடியற்காலையில் விசாகப்பட்டினம் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளியேறி ஆர். ஆர். வெங்கடாபுரத்தில் 12 உயிர்களைப் பறித்தது. ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழுவின் அறிக்கை இரண்டு செய்திகளைச் சொன்னது. அந்தத் தொட்டியில் வெப்பம் அளக்கும் கருவி அடிப்பகுதியில் மட்டுமே இருந்தது. மேல் அடுக்குகளில் வெப்பம் ஏறியதை அது அறியவில்லை. ஆலையின் அபாயச் சங்கை 36 இடங்களிலிருந்து இயக்க முடியும்; அந்த இரவில் ஓரிடத்திலிருந்தும் அது இயக்கப்படவில்லை. முதலாவது அளவின் குறை, இரண்டாவது மனத்தின் குறை. எத்தனை சென்சார் இருந்தாலும் சங்கை ஊதும் கை வெளியே உறங்குபவரை மனிதராகக் கருத வேண்டும்.

எண்ணூரில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோதும் பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி விழித்துத் தாமாகவே ஓடினர். காற்றில் கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டி 2,090 வரை அமோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பின்னர் அறிவித்தது. எண் துல்லியமானதுதான். அது வந்து சேர்ந்தபோது மக்கள் ஏற்கெனவே ஓடி முடித்திருந்தனர்.

நம் ஒன்றியப் பிரதேசத்திலேயே, 2024 ஜூன் 11 அன்று புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையின் நச்சுவாயு கழிப்பறை வழியாக வீடுகளுக்குள் புகுந்து ஒரு மூதாட்டியையும் அவர் மகளையும் பள்ளி மாணவி ஒருவரையும் கொன்றது. அது ஆலையே அன்று, நகராட்சிச் சாக்கடை. ஆனால் வாயு ஒன்றே. ஹைட்ரஜன் சல்பைடு சிறிய அளவில் அழுகிய முட்டையாக நாறும். பத்து இலட்சத்தில் நூறு பங்கைத் தாண்டும்போது மூக்கின் நரம்பையே மரக்கச் செய்துவிடும். ஆபத்து பெரிதாகும்போது நாற்றம் மறையும். மீனவரின் கண் கடலில் எண்ணெயைக் கண்டது போல மனித மூக்கு இதைக் காணாது. கருவி தவிர்க்க முடியாத இடம் இதுவே. கருவி இல்லாத இடமும் இதுவே.

கையில் கட்டிய கடிகாரம்

கழிவுத் தொட்டிக்குள் இறங்கும் தொழிலாளியின் இடுப்பில் அந்தக் கருவி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கையால் மலமள்ளும் தொழிலைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளில் வரும் பாதுகாப்புக் கருவிப் பட்டியலில் நான்கு வாயுக்களைக் காட்டும் அளவுகருவியும் உண்டு. ஆலைகளைப் பொறுத்தவரை, தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு, அடைபட்ட இடத்துக்குள் ஒருவரை இறக்கும் முன் தகுதியுள்ள ஒருவர் வாயுவைச் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும் என்றது. ஆனால் இறங்கும் முன் ஒரு முறை சோதிப்பது போதாது. தொட்டியின் அடியில் உறைந்த சேற்றைக் கிளறும்போதுதான் அதனுள் சிறைப்பட்ட வாயு வெளிவரும். சான்று வாங்கிய காகிதம் மேலே இருக்கும். வாயு கீழே எழும். உள்ளே இருப்பவருடன் தொடர்ந்து இருந்து, மேலே நிற்பவருக்கும் கம்பியின்றிச் செய்தி சொல்லும் கருவிகள் இன்று கடைச்சரக்கு. அவை யாருக்குத் தரப்படுகின்றன?

யாருக்குத் தரப்படவில்லை என்பதை வேறொரு கருவியின் கதை காட்டுகிறது. நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா ஆகிய நகரங்களின் மாநகராட்சிகள் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டின. அவர் எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதை அது மேலதிகாரியின் திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பேட்டரி தீர்ந்தால் கூலி வெட்டப்படும் என்ற அச்சத்தோடு மனிதர்கள் வேலை செய்தனர். சண்டிகரில் போராட்டமும் வெடித்தது. இதுவும் கம்பியில்லா சென்சார்தான். அதே பேட்டரி, அதே அலை, அதே திரை. இந்நாட்டில் சாக்கடை, கழிவுத் தொட்டித் தொழிலாளரிடையே ஒன்றிய அரசு நமஸ்தே திட்டத்துக்காக எடுத்த கணக்கில், 2024 வரை பதிவான சுமார் 38,000 பேரில் ஏறக்குறைய 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அவர்களின் மூச்சை அளக்கத் தயங்கும் நிர்வாகம் அவர்களின் காலடியை அளக்க ஒரு நொடியும் தயங்கவில்லை.

புரட்சியாளர் அம்பேத்கர் சாதியை வேலைப் பிரிவினையாக ஏற்க மறுத்து, அது வேலை செய்பவர்களையே படிநிலையில் பிரிப்பது என்று 1936இல் காட்டினார். ஆலைக்குள் இன்று நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, ஒப்பந்தக்காரரின் துணை ஒப்பந்தக்காரர் அழைத்துவந்த நாள்கூலி என்ற படிகள் இருக்கின்றன. பாதுகாப்புப் பயிற்சியும் கருவியும் மேல் படியில் தொடங்கிக் கீழே வரும்போது தேய்கின்றன. ஆபத்து கீழ்ப்படியில் தொடங்குகிறது. தொட்டி கழுவுதல், சேறு அள்ளுதல், நிலக்கரி இறக்குதல் போன்ற வேலைகளுக்கு எந்தக் குடியிருப்பில் ஆள் தேடப்படுகிறது என்பதை ஒப்பந்தக்காரரின் வண்டி காலையில் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்தாலே அறியலாம்.

செய்தியை வாங்க ஊரில் யார் இருக்கிறார்

போபாலுக்குப் பிறகு இயற்றப்பட்ட விதிகளை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பதே என் கருத்து. 1989ஆம் ஆண்டின் அபாயகர வேதிப்பொருள் விதிகள், விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு ஆலை முன்கூட்டியே தகவல் தர வேண்டும் என்கின்றன. 1996ஆம் ஆண்டின் வேதி விபத்து விதிகள் மத்திய, மாநில, மாவட்ட, உள்ளூர் நிலைகளில் நெருக்கடிக் குழுக்களை அமைக்கச் சொல்கின்றன. உள்ளூர்க் குழு மாதந்தோறும் கூட வேண்டும்; ஆறு மாதத்துக்கொரு முறை முழு அளவிலான ஒத்திகை நடத்த வேண்டும். அதன் உறுப்பினர் பட்டியலில் ஆலைக்கு அருகிலுள்ள ஊரின் தலைவர், இரண்டு மருத்துவர்கள், இரண்டு சமூகப் பணியாளர்கள், தொண்டு அமைப்பின் பிரதிநிதி ஒருவர் ஆகியோருக்கும் இடமுண்டு.

ஊரின் தலைவர் என்ற இடத்தில் காரைக்காலின் தனித்துன்பம் வந்து நிற்கிறது. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் தேர்தலே நடக்காமல் ஆண்டுகள் ஓடின. தமிழ்நாட்டில் இட ஒதுக்கீட்டால் ஒரு தலித் பெண் ஊராட்சித் தலைவராகி, நாற்காலி மறுக்கப்பட்டு, அதற்காகப் போராடுகிறார். காரைக்காலில் போராடுவதற்கும் நாற்காலி இல்லை. சட்டமன்றத்தில் காரைக்காலின் ஐந்து தொகுதிகளுள் நெடுங்காடு ஒன்று தனித்தொகுதி. ஆனால் நெருக்கடிக் குழுவின் மேசையில் வேண்டியது தெருவை அறிந்த ஊர்த்தலைவர். சென்சார் கத்துகிறது, கட்டுப்பாட்டு அறை கேட்கிறது, மாவட்ட நிர்வாகத்துக்குத் தொலைபேசி போகிறது. அங்கிருந்து சேரிக்கு வரும் வழியில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு முனையும் இல்லை. வலையமைப்பின் மொழியில் சொன்னால், கடைசி இணைப்பு அறுந்து கிடக்கிறது.

எல்லைச் சிக்கல் வேறு. காரைக்கால் ஆலையின் அளவுகள் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கு உரியவை. நாகூரின் காற்று தமிழ்நாட்டு வாரியத்துக்கு உரியது. பகலில் கடற்காற்றும் இரவில் நிலக்காற்றும் வாஞ்சூர்ச் சோதனைச் சாவடியில் அனுமதி கேட்பதில்லை. தமிழ்நாடு 2020இல் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தின் எல்லையும் இந்த நிலத்துண்டைச் சுற்றி வந்து நின்றுவிடுகிறது.

சட்டக் களமும் நகர்ந்துள்ளது. உடனடி ஆபத்து குறித்து எச்சரிக்கத் தொழிலாளர்க்கு உரிமை தந்த 41-எச் பிரிவு, போபால் பலிகளின் விலையாக 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தைப் பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பிடித்துள்ளது. எச்சரிக்கும் உரிமை அதிலும் உண்டு. ஆனால் மின்விசை பயன்படுத்தும் இடத்தில் பத்துத் தொழிலாளர் இருந்தால் தொழிற்சாலை என்ற வரையறை இருபதாக உயர்ந்துவிட்டது. பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்பதற்கு அபாயகர ஆலைகளில் 250 தொழிலாளர் என்ற வரம்பு வந்துவிட்டது. ஒப்பந்தச் சிற்றாலைகள் இந்த இரண்டு வரம்புகளுக்கும் கீழே எளிதில் நுழைந்துகொள்ளும்.

வாளி ஏந்தியவர்கள்

தொலைவில் தேட வேண்டாம். கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களின் மக்கள் 2004இல் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகத் தம்மை அமைத்துக்கொண்டனர். எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தப் பக்கக் காற்றில், என்ன நாற்றம் வந்தது, யாருக்குக் கண் எரிந்தது என்று குறிப்பேட்டில் எழுதினர். சாதாரண பிளாஸ்டிக் வாளியும் பையும் கொண்டு காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினர். 'நாறுகிறது' என்ற முறையீட்டை 'இன்ன வேதிப்பொருள் இவ்வளவு' என்ற சான்றாக மாற்றியது அந்த வாளிதான். அரசுக் கருவி இல்லாத இடத்தில் மக்கள் ஒரு வலையமைப்பைக் கட்டினர், அதன் ஒவ்வொரு முனையும் ஒரு மனிதர், பேட்டரி தீர்வதில்லை. ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுவுக்கு மூக்கை நம்ப முடியாது என்பதை முன்பே சொன்னேன். ஆகவே குறிப்பேட்டோடு கருவியும் வேண்டும். கருவி ஊரின் கையில் இருக்க வேண்டும்.

கேட்பதற்கான வழி ஏற்கெனவே திறந்துள்ளது. பர்யாவரண் சுரக்ஷா சமிதி வழக்கில் 2017 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றம், மாசு அளவுகளை நேரலையாகப் பொதுமக்கள் பார்க்கும்படி வாரியங்களின் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என உத்தரவிட்டது. காரைக்காலின் கல்லூரி மாணவர் ஒருவர் இன்றிரவே புதுச்சேரிக் குழுமத்தின் தளத்தைத் திறந்து, தம் ஊருக்கு அருகிலுள்ள ஆலையின் அளவு அதில் தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரியாவிட்டால் அந்த உத்தரவைச் சுட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதலாம். சென்ற ஓராண்டில் அளவு வராமல் போன மணிநேரங்கள் எத்தனை, சென்சார்கள் கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட நாள் எது, அதைச் செய்தவர் யார், 15 நிமிடச் சராசரிக்கு முந்தைய மூல அளவுகள் எங்கே சேமிக்கப்படுகின்றன, அபாயச் சங்கு எத்தனை தொலைவு கேட்கும், அது கடைசியாக ஒத்திகையில் ஒலித்தது எப்போது என்பன கேட்கத் தக்கவை. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் தொடர்பான தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்ற 7(1) பிரிவை மனுவின் தலைப்பிலேயே எழுதலாம்.

அந்த மனுவில் இன்னொரு வரியும் சேர வேண்டும். உள்ளூர் நெருக்கடிக் குழுவின் உறுப்பினர் பட்டியலையும் கடைசி ஆறு கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பையும் நகலாகக் கேளுங்கள். ஊரின் தலைவர் என்ற இடத்துக்கு எதிரே யாருடைய பெயர் எழுதப்பட்டுள்ளது, அவர் எந்தத் தெருவில் வசிக்கிறார் என்பதைப் பாருங்கள்.